அவசர பிளொப்பியும் மூன்று போத்தல் மண்ணெண்ணெயும்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் யுனிக்ஸை அழித்தேன்.

இப்படிச் சொன்னால் ஏதோ வீரச்செயல் மாதிரிக் கேட்கிறது. நடந்தது இவ்வளவுதான். பட்டியலில் இன்னும் ஐந்து பெயர் ஏற்ற வேண்டியிருந்த நேரத்தில், உள்ளே இடமில்லை என்று கொம்பியூட்டர் திரையில் எழுதிக் காட்டியது. இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று தேடினேன். எல்லாவற்றிலும் கொழுத்ததாய், வாசலிலேயே காலை நீட்டிப் படுத்திருந்தது ‘யுனிக்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு. யோசித்தேன். யோசித்தேன் என்பதை வாசகர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். இந்த மெஷினே யுனிக்ஸில் ஓடுகிற மெஷின். என் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டும் இருக்கிறது. பிறகு எதற்கு யுனிக்ஸ் என்று தனியாக இன்னொன்று? வீட்டுக்குள்ளே ‘வீடு’ என்று எழுதி ஒரு பெட்டி கிடந்தால் அதைத் தூக்கி வெளியே வைக்கத்தானே தோன்றும்? அழித்தேன். இடம் வந்தது. ஐந்து பெயரையும் அடித்து முடித்து, என்னை நானே மெச்சி ஒரு தேத்தண்ணி குடித்தேன்.

அந்தக் கோப்புத்தான் மெஷினின் உயிர். காலையில் எழும்பும்போது அதை ஒருமுறை வாசித்து நினைவில் ஏற்றிக்கொண்டால், பிறகு நாள் முழுக்க அதைத் திரும்பிப் பாராமலே ஓடும். ஆகவே திங்கள் பின்னேரம் வரை ஒரு குறையும் இல்லை. செவ்வாய் காலை எட்டு மணிக்கு எழுப்பியபோது, யுனிக்ஸைக் காணவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே நின்றது.

அது தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டு ஆவணி மாதம். எங்கள் அலுவலகம் கரவெட்டியில், மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தது. யுத்தத்தில் தரைப்பாதை அடைபட்டிருந்ததால், வடமராட்சியில் வைத்து வைத்தியம் செய்ய முடியாத நோயாளிகளுக்கு எப்போதாவது ஒரு கப்பல் வரும். பருத்தித்துறையில் ஏற்றித் திருகோணமலையில் இறக்கும். யார் போகலாம், என்ன வருத்தம், எந்த டொக்டரின் கடிதம், அங்கே எந்த ஆஸ்பத்திரி, கூடப் போகிறவர் யார் என்ற பட்டியலைத் தயாரிப்பது எங்கள் வேலை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குக் கப்பலில் இடமில்லை. இந்த முறை நூற்றுப்பதினாலு பேர். பட்டியல் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பருத்தித்துறையில் இருக்க வேண்டும். வியாழன் விடியக் கப்பல்.

கையால் எழுதலாமே என்பீர்கள். எதைப் பார்த்து எழுதுவது? கடதாசித் தட்டுப்பாட்டுக் காலம். நோயாளிகள் நிரப்பித் தந்த படிவங்களின் பின்பக்கம் வெறுமையாய் இருந்ததைக் கண்டு, போன மாதப் பட்டியலின் பிரதிகளை அவற்றின் முதுகிலேயே அச்சடித்துப் பத்து இடங்களுக்கு அனுப்பலாம் என்று ஒரு புத்திசாலி யோசனை சொன்னான். சண்முகநாதன் மாஸ்டர், எங்கள் பொறுப்பாளர், அந்தப் புத்திசாலியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் முதுகில்தான். படிவங்கள் பத்து இடங்களுக்குப் போய்விட்டன.

நூற்றுப்பதினாலில் ஒருவர் செல்வநாயகி அக்கா. எங்கள் ஜெனரேட்டர் ஓட்டுகிற ஏரம்பு அண்ணையின் மனைவி. இதயத்து வால்வு ஒன்று சரியாக மூடாது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும், பின்னேரமானால் கால் வீங்கும். போன கப்பலுக்கே போயிருக்க வேண்டியவர்; டொக்டரின் கடிதம் பிந்திவிட்டது. இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, அதுவரை அந்த வால்வு பொறுக்குமா என்றும் தெரியாது. ஆனாலும் ஏரம்பு அண்ணையிடம் தினம் எனக்கு ஒரு சோற்றுப் பொதி கொடுத்தனுப்புவார். அவருடைய படிவத்தை நிரப்ப நான் வீட்டுக்குப் போனேன்.

“வயது, அக்கா?”

“போடு, முப்பத்தொம்பது.”

“உங்கடை மூத்தவனுக்கே இருபத்தாறாச்சே.”

“அப்ப அவனுக்கும் குறைச்சுப் போடன்.”

“கப்பலுக்குப் பயமில்லையோ?”

“ஏன், நீ என்னை நீந்தவோ விடப்போறாய்?”

எங்கள் பக்கத்தில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. பட்டுவேட்டி கட்டி, தாம்பூலத் தட்டோடு படலையைத் தாண்டுகிறவரிடம் “எங்கை அண்ணை?” என்று கேளுங்கள். “உதிலை” என்பார், இந்தப் பக்கத்தில்தான் என்று அர்த்தம். போகிற காரியம் கெட்டுவிடும் என்று ஒரு பயம். பிறகு அதுவே வாயின் குணமாகிவிட்டது. ஏரம்பு அண்ணை இதில் பட்டம் பெற்றவர். இன்று என்ன கிழமை என்று கேட்டால்கூட, “ஏன், உனக்கு என்ன அலுவல்?” என்பார். மனைவியைப் பருத்தித்துறைக்கு எப்படிக் கொண்டுபோகப் போகிறார் என்பதையே நான் தியாகராசாவிடம்தான் அறிந்தேன். தியாகராசாவிடம் பழைய ஒஸ்ரின் கார் ஒன்று இருந்தது. கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவது. எண்ணெயைக் கொண்டு வருகிறவருக்குக் கார் ஓடும். ஏரம்பு அண்ணை புதன்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

செவ்வாய் காலை திரையைப் பார்த்தபடி நான் நின்ற கோலத்தை முதலில் கண்டவர் பத்மாசினி. என்னோடு சேர்ந்து பெயர் ஏற்றுகிறவர். மெஷினைப் பற்றி என்னைவிட நாலு மடங்கு தெரிந்தவர், அதைப் பத்தில் ஒரு பங்கே காட்டுகிறவர்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?”

“யுனிக்ஸைக் காணேல்லையாம்.”

“அதுக்குக் காலோ இருக்கு, நடந்து போக?” அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஆர் அழிச்சது?”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று சொல். ‘நான்தான், நேற்றுக் காலமை.’ ஆனால் வாசலில் சண்முகநாதன் மாஸ்டர் நின்றார். அவருக்குப் பின்னால், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி ஏரம்பு அண்ணை நின்றார். என் வாய் என்னைக் கேளாமலே வேலை செய்தது.

“ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கினால் உள்ளுக்கை எதுவும் நடக்கும்.”

மாஸ்டர் தலையை ஆட்டினார். பத்மாசினி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஏரம்பு அண்ணை கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

“அவசர பிளொப்பி இருக்கெல்லே,” என்றார் பத்மாசினி.

இருந்தது. மெஷினைப் பொருத்தித் தந்த எஞ்சினியர் பயல், வெளிநாடு போக முதல் செய்து வைத்தது. மெஷின் எழும்பாவிட்டால் அதைச் செருகி, அதிலிருந்து எழுப்பி, உள்ளே போய்ப் பழுது பார்க்கலாம். அதிலேயே யுனிக்ஸின் ஒரு பிரதியும் இருக்கிறது. குண்டு போட்டாலும் தப்பட்டும் என்று பங்கருக்குள்ளே, மாஸ்டரின் காணி உறுதிப் பத்திரங்களோடு ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருந்தோம். பத்மாசினி இறங்கி எடுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் மணத்தது.

சந்தனம்.

போன வருடம் சரஸ்வதி பூசைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. திரைக்கு, அச்சு மெஷினுக்கு, ஜெனரேட்டருக்கு வைத்தேன். பிளொப்பிகளுக்கும் ஒவ்வொன்றாய் வைத்தேன். பழைய பெரிய பிளொப்பிகளின் உறையில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். அதற்குள்ளால்தான் மெஷின் தட்டை வாசிக்கும். எனக்கென்னவோ அது பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடமாகத் தெரிந்திருக்கிறது. நடுவில் வட்டமாய், அதன்மேல் குங்குமமும் வைத்து, மிகவும் இலட்சணமாகச் செய்திருந்தேன்.

“கலைமகள் கண் திறந்தால்தான் உண்டு,” என்றார் பத்மாசினி. “நீர் அடைச்சு வைச்சிருக்கிறீர்.”

அலுவலகத்தில் மிஞ்சியிருந்த அரைப் போத்தல் மண்ணெண்ணெயில் ஜெனரேட்டரைக் கிளப்பி, அப்படியே செருகிப் பார்த்தோம். மெஷின் கறகறவென்று கறண்டிவிட்டு, வாசிக்க முடியவில்லை என்றது. திரும்பச் செருகினோம். அதே பதில். மூன்றாம் முறை ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. எண்ணெய் முடிந்தது. அடுத்த பங்கு வெள்ளிக்கிழமைதான் வரும்.

“அப்ப என்ன செய்யிறது?” என்று மாஸ்டரைக் கேட்டேன்.

“பாப்பம்,” என்றார் மாஸ்டர்.

“நூற்றுப்பதினாலு பேர், சேர்.”

“அதுதான் பாப்பம் எண்டுறன்.”

பத்மாசினி யாரையும் கேட்கவில்லை. சவர அலகு ஒன்றால் பிளொப்பியின் உறையை ஓரமாய் வெட்டி, உள்ளே இருந்த கறுப்புத் தட்டை இரண்டு விரலால் வெளியே எடுத்தார். தோசையைவிட மெல்லியது. கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் எங்கள் ஊரில் வெள்ளை படியும். ஆகவே தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, துணியால் வடித்து, அதில் ஒரு துளி சவர்க்காரம் கரைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரிக் கழுவினார். மாஸ்டரின் பழைய வேட்டித் துண்டில் நிழலில் உலர்த்தினார். பிறகு பூசைக்குப் பின் வந்த இன்னொரு பிளொப்பியின் உறையை வெட்டி, அதற்குள் இதைச் செருகி, விளிம்பை ஒட்டினார். எனக்குக் கொடுத்த பங்கு, ஈ, இலையான் வராமல் மட்டையால் விசிறுவது.

விசிறிக்கொண்டிருக்கும்போதுதான் ஏரம்பு அண்ணையைக் காணவில்லை என்று கவனித்தேன். ஒரு மணிக்குப் போனவர் இரண்டு மணிக்கு வந்தார். சைக்கிள் கைபிடியில் உரப்பை தொங்கியது. அதற்குள் மூன்று போத்தல் மண்ணெண்ணெய். போத்தல் வாயில் தென்னந்தும்பு வைத்து இறுக்கியிருந்தது.

“அண்ணை, இவ்வளவும் எங்காலை?”

“உதிலை.”

“உதிலை எண்டால்?”

“உதிலைதான். நீ உன்ரை வேலையைப் பார். என்ரை மெஷின்தானே உதைக் கெடுத்தது.”

கடைசியாகச் சொன்னதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜெனரேட்டரைப் பார்த்துச் சொன்னார். ஒரு வீட்டில் மூன்று போத்தல் மண்ணெண்ணெய் சும்மா கிடக்கிற காலம் இல்லை அது. விளக்குக்கே தேங்காயெண்ணெய் ஊற்றுகிற காலம். அவர் எதற்காகச் சேர்த்து வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இன்னொரு முறை கேட்டிருந்தால், ஒருவேளை வாய் தவறி நேராகச் சொல்லியிருப்பார். சொன்னால் நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும். நான் கேட்கவில்லை.

முதற் போத்தல் முழுக்க பிளொப்பியோடு மல்லுக்கட்டியதிலேயே போயிற்று. ஒருமுறை பாதி வாசித்து நின்றது. பத்மாசினி திரும்பவும் உறையைத் திறந்து, விளிம்பில் ஒட்டியிருந்த குங்குமத் துணுக்கைத் துடைத்தார். நாலாம் முறை கறண்டல் நின்று, சீராய் ஒரு முனகல் கேட்டது. திரையில் எழுத்து ஊர்ந்தது. கடைசியில் ஒரே ஒரு குறி வந்து கண்சிமிட்டிக்கொண்டு நின்றது.

“எழும்பீட்டுது!” என்று கத்தினேன்.

“இன்னும் இல்லை. பிளொப்பிதான் எழும்பியிருக்கு. உள்ளுக்கை போய்ப் பாப்பம்.”

இரண்டாம் போத்தல் ஊற்றினார் ஏரம்பு அண்ணை. நேற்றுப் பின்னேரம் எண்ணெய் மிச்சம் பிடிக்க, மெஷினை முறைப்படி நிறுத்தாமல் ஜெனரேட்டரை அமர்த்தியதும் நான்தான். அதனால் வட்டுக்குள்ளே கொஞ்சம் கலைந்திருந்தது. பத்மாசினி சரிபார்க்கச் சொன்னதும் மெஷின் கேள்வி கேட்கத் தொடங்கியது. இந்தத் துண்டு யாருடையது என்று தெரியவில்லை, எறியட்டுமா? ஆம், இல்லை. இதைத் திரும்ப ஒட்டட்டுமா? ஆம், இல்லை. ‘பாப்பம்’ என்று ஒரு பொத்தான் அதில் இல்லை.

“என்ன சொல்லட்டும்?” என்று பத்மாசினி கேட்டார்.

“நீர் என்ன நினைக்கிறீர்?”

“நான் உம்மை எல்லே கேட்டனான்.”

இருபத்தேழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னோம். பிறகு பெயர்ப்பட்டியலைத் திறந்தோம். நூற்றுப்பதினாலும் இருந்தன. அறுபத்திமூன்றாவது: ஏரம்பு செல்வநாயகி, வயது முப்பத்தொன்பது. பிளொப்பியிலிருந்து யுனிக்ஸின் பிரதியை அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, பிளொப்பியை வெளியே எடுத்துவிட்டு மெஷினை எழுப்பினோம். தானாகவே எழும்பியது, நேற்று ஒன்றும் நடக்காத மாதிரி.

“அந்தக் கோப்பு தேஞ்சு அழியேல்லை,” என்றார் பத்மாசினி, ஜெனரேட்டர் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி. “கரண்ட் அடிச்சால் எல்லாம் கலையும். அது ஒண்டு மட்டும், வெட்டி எடுத்த மாதிரிப் போயிருக்கு.”

“எங்கை, அச்சடிப்பம்,” என்றேன்.

அச்சு மெஷின் நூற்றுப்பதினாலு பேரையும் கீச்சுக் கீச்சென்று அடித்து முடிக்க, மூன்றாம் போத்தலின் அடி தெரிந்தது.

புதன்கிழமை காலை பட்டியலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பருத்தித்துறைக்குச் சைக்கிளில் போனேன். பத்து மணிக்கே கொடுத்துவிட்டேன். வாங்கியவர் ஒவ்வொரு தாளாய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வடிவாய் இருக்கு தம்பி” என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கப்பலுக்குப் போகிறவர்களை அன்று பின்னேரம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் டொக்டர் பார்ப்பார். நான் மண்டப வாசலில் ஒரு வேம்புக்குக் கீழே நின்று, ஒவ்வொருவராய் வந்து இறங்குவதைப் பார்த்தேன். உடுப்பிட்டியிலிருந்து ஒரு உழவு மெஷினில் ஆறு பேர் வந்தார்கள். ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஒரு மணி, இரண்டு மணி. ஒஸ்ரின் காரைக் காணவில்லை.

மூன்று மணியளவில் வெயிலுக்குள் ஒரு சைக்கிள் தெரிந்தது. ஏரம்பு அண்ணை ஏறி ஓட்டவில்லை, உருட்டி வந்தார். பின் கரியரில் தலையணை கட்டி, அதன்மேல் செல்வநாயகி அக்கா. ஒரு கை அவருடைய தோளில் இருந்தது, மற்றக் கையால் சேலைத் தலைப்பைத் தலைக்குப் பிடித்திருந்தார். பக்கத்தில் பத்மாசினி, அக்காவின் முதுகைத் தாங்கியபடி நடந்து வந்தார். கரவெட்டியிலிருந்து ஐந்து மைலுக்கு மேல்.

ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தேன். அக்காவின் உதடு நீலமாய் இருந்தது.

“அண்ணை, கார் எங்கை?”

“வரேல்லை.”

“ஏன் வரேல்லை?”

“அது… ஏதோ பிழையாம்.”

அக்காவை மண்டபத்துக்குள் இறக்கியபின் பத்மாசினியிடம் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நடந்து வந்த முகம் சிவந்து கிடந்தது.

“நேற்று மூண்டு போத்தல் எரிஞ்சதே, அது ஆரின்ரை எண்ணெய் எண்டு நினைச்சீர்?”

டொக்டர் அம்மா நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், காலை விரலால் அமத்திப் பார்த்தார். விரல் வைத்த இடம் குழியாகவே கிடந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்றார். காலையில் வந்திருந்தாலும் பரவாயில்லை, இந்த வெயிலில் இப்படி வந்த பிறகு கடலில் ஏற்ற முடியாது. இங்கேயே ஆஸ்பத்திரி வாட்டில் விடுங்கள், அடுத்த கப்பலுக்குப் பார்ப்போம். அறுபத்திமூன்றாம் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. வடிவாய் அச்சடித்திருந்த பெயர்.

“அடுத்த கப்பல் எப்ப, டொக்டர்?” என்று கேட்டேன்.

“வந்தால் தெரியும்.”

“அதுவரைக்கும் அவ தாங்குவாவோ?”

“நீர் ஆர், மகனோ?”

இல்லை என்றேன். டொக்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஏரம்பு அண்ணை வாட்டில் சேர்க்கத் துண்டு எழுதப் போனார். போகும் வழியில் என் தோளில் தட்டி, “நீ யோசியாதை. நூற்றுப்பதிமூண்டு பேர் போகினமெல்லே. என்ரை மெஷினாலை அவையும் நிண்டிருந்தால்?” என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

அக்கா வாங்குப் பலகையில், சுவரில் சாய்ந்து இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

“என்னடா, முகம் கவிட்ட பானை மாதிரி,” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

“அக்கா, மெஷின் பழுதானது கரண்டாலை இல்லை.”

“ம்.”

“இடம் காணாமல் நான்தான் ஒரு கோப்பை அழிச்சனான். என்னவெண்டு தெரியாமல். ஆர் செய்தது எண்டு கேக்க, அண்ணையின்ரை ஜெனரேட்டரிலை போட்டன்.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“அந்த மனிசன் ராத்திரி சோறு தின்னேல்லை. தன்னாலை சனத்துக்கு வழி இல்லாமல் போகப் பாத்துதாம் எண்டு.”

“எண்ணெய் கொண்டந்தவர். காருக்குச் சேர்த்ததெண்டு எனக்குத் தெரியும், அக்கா. தெரிஞ்சுகொண்டுதான் கேக்காமல் விட்டனான்.”

மண்டபத்தில் யாரோ பெயர் கூப்பிட்டார்கள், யாரோ எழும்பிப் போனார்கள். இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். விடு தம்பி, எங்கடை விதி. உன்னிலை என்ன பிழை. நீ வேணுமெண்டே செய்தனீ? இப்படி ஒன்று வரும், அதை வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்து வீட்டுக்குப் போகலாம். அதற்கு வசதியாகத் தலையையும் குனிந்து வைத்திருந்தேன்.

“என்ரை பிழைதானே, அக்கா?”

அவர் மூச்சை எடுத்தார். அது முடிய நேரம் பிடித்தது. நான் தலை நிமிரும் வரை காத்திருந்தார்.

“ஓம்,” என்றார் செல்வநாயகி அக்கா. “உன்ரை பிழைதான்.”